மேற்கே பார்த்த வாசல்

அந்த யோசனை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது வந்தது. பெட்டிக்குள் ஒரு சுண்ணாம்புச் சாந்துப் பலகை, அதில் ஒரு சிலுவை. நான்கு கைகளும் நுனியில் பூப்போல விரிந்திருந்தன. குவைத் சிட்டி மியூசியத்தில், பானைகளுக்கும் பழைய முத்திரைகளுக்கும் நடுவில், இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து அட்டையை வாசித்தேன். ஃபைலகா தீவு, தேவாலயம் என்று போட்டிருந்தது. ஏதோ தப்பாக வாசித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் வாசித்தேன். அதே தீவு, அதே தேவாலயம்.

பழைய சாமான் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிளட் சாம்பிளை மெஷினில் வைத்துவிட்டு ரிசல்ட் வரும்வரை ஃபோனில் எங்கேயாவது தோண்டிய குழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஃபஹாஹீலில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை. அதே கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் அக்காவும் நானும் ஒரே ரூம்; கூடப் பிறந்தவள் இல்லை, வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. அன்றைக்கும் அவளை இழுத்துக்கொண்டுதான் மியூசியத்துக்குப் போயிருந்தேன். அவள் பானை எதையும் பார்க்கவில்லை. ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. இந்த ஊர்ல கோயில் இருந்திருக்கு. தீவுல."

எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம், மாஸைப் பூசை என்போம். அக்கா கண்ணாடிக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"எப்போ?"

"ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. சிரியாப் பக்கத்து முறையில பூசை வச்ச ஆளுங்களாம். சாமியார்மாரும் இருந்திருக்காங்க."

"இப்போ இருக்கா?"

"இடுப்பு உயரத்துக்குச் சுவர் இருந்தா பெருசு."

அக்கா கொஞ்ச நேரம் சிலுவையையே பார்த்தாள். பிறகு மெதுவாக, கணக்குப் பரீட்சையில் விடை கிடைத்த மாதிரி ஒரு குரலில் சொன்னாள்: "நான் அங்க போனதில்ல."

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு கோயிலுக்கு முதல் தடவையாகப் போகும்போது மூன்று வேண்டுதல் கேட்கலாம், கேட்டது கிடைக்கும். இதை எங்கள் கரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தான் வளர்ப்பார்கள். புதுக் கோயிலுக்குள் கால் வைக்கும்போதே அம்மா தோளைத் தட்டி, "மூணு கேட்டுக்கோ" என்பாள். நான் சின்ன வயதில் பெரும்பாலும் சைக்கிள் கேட்டேன். அக்கா அதைத் தொழிலாகவே செய்தவள். நர்சிங் சீட், பரீட்சை, விசா, கல்யாணம் எல்லாம் ஒவ்வொரு கோயிலில் கேட்டு வாங்கியது என்று சொல்வாள். குவைத் வந்த பிறகு சிட்டியில் உள்ளது, சால்மியாவில் உள்ளது, அஹ்மதியில் உள்ளது, அப்பாசியாவில் உள்ளது என்று எல்லாம் முடிந்துவிட்டது. வேறு சபைக்காரர்களின் கோயில்களையும் அவள் விடவில்லை.

இப்போதோ அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது. கேட்க இடம் இல்லை. அவள் வீட்டுக்காரர் பஹ்ரைனில் ஏசி டெக்னீஷியன். கல்யாணமான நாளில் இருந்து இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது லீவு நாட்களில் மட்டும்தான். பஹ்ரைனில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வீடியோவில் இன்டர்வியூ கொடுத்திருந்தாள். இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். ஒரு மாதம் தாண்டிவிட்டது. அந்த வேலை கிடைத்தால் அக்காவும் வீட்டுக்காரரும் ஒரே ஊர். கிடைக்காவிட்டால் அடுத்த லீவு வரை ஃபோன்தான். அதனால்தான் அந்த ஃபோன் கையை விட்டு இறங்கவில்லை.

"இடிஞ்ச கோயில்ல கேட்டா செல்லுமாக்கா?" என்றேன்.

"இடிஞ்சா என்ன? சாமியார் ஜெபிச்சு மந்திரிச்ச இடம் எப்பவும் மந்திரிச்ச இடந்தான். ஆயிரம் வருஷமா யாரும் ஒண்ணும் கேக்கல்லன்னா அங்க எவ்வளவு பாக்கி கெடக்கும், யோசிச்சுப் பாரு."

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போனோம். அக்கா ஒரு மலையாளி நர்ஸிடம் டூட்டி மாற்றிக்கொண்டாள். எலுமிச்சம்பழச் சாதம் கட்டினோம், முட்டை அவித்தோம். அக்கா தன் பைக்குள் ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்தாள். நான் அந்த ஒரு வாரமும் இணையத்தில் தேடி, தோண்டியவர்கள் வரைந்த கோயில் படம் ஒன்றைக் கண்டுபிடித்து ஃபோனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். மேலே இருந்து பார்த்த மாதிரி கட்டம் கட்டமாக ஒரு படம். அதை வைத்துக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தேன்.

சால்மியாவில் போட் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடல். நான் மேல்தட்டில் குளிரில் நின்றுகொண்டு, அந்தக் காலத்தில் சாமியார்மார் எதில் வந்திருப்பார்கள், பாய்மரமா துடுப்பா, குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா உள்ளே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். ஒரு கட்டத்தில் தலையைத் தூக்கி, "பிள்ளே, நீ கேக்குறதுக்கெல்லாம் அவங்க எழும்பி வந்துதான் பதில் சொல்லணும்," என்றாள்.

தீவில் இறங்கியதும் ஒட்டகம் பார்க்க, கடற்கரையில் உட்கார என்று எல்லோரும் பிரிந்துபோனார்கள். அங்கே வேன் ஓட்டும் பெங்காலி பாய் ஒருவரிடம் கோயில் படத்தைக் காட்டினேன். அவர் படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உதர் குச் நஹி, மேடம். பத்தர், மிட்டி." அங்கே ஒன்றுமில்லை, கல்லும் மண்ணும்தான் என்கிறார்.

"வஹி சாஹியே, பாய்," என்றேன். அதுதான் வேண்டும்.

முதலில் வேன் பழைய ஊருக்குள் போனது. சண்டைக் காலத்தில் ஜனங்கள் விட்டுப்போன ஊர். வீடுகள் நிற்கின்றன, ஆட்கள் இல்லை. சுவரெல்லாம் குண்டு துளைத்த ஓட்டைகள். ஒரு வீட்டு மாடிப்படி வெயிலுக்குள் ஏறிப் போய் அப்படியே நின்றிருந்தது. மேலே மாடி இல்லை. இன்னொரு வீட்டில் சமையலறை டைல்ஸ் மட்டும் பளபளவென்று இருந்தது, நீலப் பூப் போட்டது. எனக்கு இறங்கி ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் வீட்டில் மீன் நாறியது என்று. அக்கா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நேத்து இருந்தவங்க ஊரு. நமக்கு வேண்டியது முந்தானாள் ஊரு. பாய், சலோ."

ஊரைத் தாண்டினால் தட்டை நிலம். தீவின் நடுவே வந்துவிட்டோம். கடல் எந்தப் பக்கமும் தெரியவில்லை. ஒரு கம்பி வேலி, அதில் ஒரு பக்கம் திறப்பு, உள்ளே முழங்கால் உயரத்துக்கு மண்சுவர்கள். அவ்வளவுதான். பாய் வேனை நிறுத்திவிட்டு இரண்டு விரலைத் தூக்கிக் கண்டிஷன் போட்டார். சுவரில் கால் வைக்கக்கூடாது. நெருப்பு கூடாது. அக்கா கையில் இருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துத்தான் இரண்டாவதைச் சொன்னார். "ஆக் மாஃபி, மேடம்." அக்கா அதைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

எனக்கு ஏமாற்றமே இல்லை. கையை விரித்து அளந்து பார்த்தேன். சுவரின் கனமே ஒரு முழத்துக்கு மேல். தரையில் மண்ணோடு மண்ணாகச் சிப்பிகள். எங்கள் ஊர்க் கடற்கரையில் காலைக் குத்துகிற அதே சிப்பிகள். இந்தச் சாமியார்மாரும் மீன் தின்றவர்கள்தானே, வெள்ளிக்கிழமை மட்டும் விட்டிருப்பார்களா, முத்துக் குளிக்கிறவர்கள் பூசைக்கு வந்திருப்பார்களா என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"வாசல் எங்கோட்டு?"

அது நியாயமான கேள்வி. முதல் தடவை போகிற கோயில் என்றால் வாசல் வழியாகப் போய், செருப்பை வெளியே விட்டு, பீடத்தைப் பார்த்து முட்டுக்கால் போட்டுக் கேட்க வேண்டும். இங்கே எல்லாச் சுவரும் ஒரே உயரம். எல்லாப் பக்கமும் இடிந்த இடைவெளி. எது வாசல், எது இடிந்தது?

"கடல் எங்க இருக்கோ அங்கதான் வாசல்," என்றாள் அக்கா.

"சரிதான். ஆனா தீவுக்கா. எல்லாப் பக்கமும் கடல்."

"அப்போ மேக்கே. எனக்க ஊர்ல மேக்கேதான்."

இங்கேதான் ஒரு விஷயம் முதல் முறையாக வெளியே வந்தது. எனக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே, மீன்பிடிக் கரை. அங்கே கடல் கிழக்கே. கோயிலும் கிழக்கே பார்த்து நிற்கும், போட்டில் திரும்பி வருகிறவர்களுக்கு முகம் தெரிகிற மாதிரி. அக்காவுக்குக் குளச்சல் பக்கம். அங்கே கடல் மேற்கே, வாசலும் மேற்கே. ஒரு வருஷமாக ஒரே ரூமில் இருக்கிறோம், இதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. கோயில் என்று சொல்லும்போது இரண்டு பேரும் நேரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"உங்க ஊர்ல மேக்க கடல், அதனால மேக்க வாசல்," என்று நான் ஆரம்பித்தேன். "இங்க மேக்க என்ன இருக்கு? சிட்டி இருக்கு, கரை இருக்கு. நாம அங்க இருந்துதான வந்தோம்? திறந்த கடல் கிழக்க. கப்பல் வாரது கிழக்க இருந்து. அப்ப வாசல் கிழக்கதான் இருக்கணும்."

சொல்லச் சொல்ல எனக்கே என் பேச்சு பிடித்துப்போனது. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிழக்குப் பக்கம் நடந்தாள்.

கிழக்கே, சுவரில் இருந்த ஒரு இடைவெளிக்கு உள்ளே, மூன்று சின்ன அறைகள் வரிசையாக இருந்தன. நடு அறையில் ஒரு திட்டு, அகலமாக, படி மாதிரி. "பாத்தியளா, படி," என்று நான் காட்டினேன். அக்கா திட்டின் மேல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டாள். நானும் என்னுடையதை அதோடு சேர்த்துப் போட்டேன். அவள் ஷாலைத் தலையில் போட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, அந்த அறையைக் கடந்து பெரிய கூடத்துக்குள் போனாள். கூடத்தின் நடுவே, மேற்கே பார்த்து முட்டுக்கால் போட்டாள். ஜனவரி மண் ஐஸ் மாதிரி இருந்தது. அவள் உள்ளங்கால் இரண்டும் எனக்குத் தெரிந்தன, சிப்பித் துண்டு ஒட்டிக்கொண்டு.

நான் ஃபோட்டோ எடுத்தேன். சுவரை, சிப்பியை, அக்காவின் முதுகை.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு வந்தாள். முகம் லேசாகியிருந்தது.

"மூணும் கேட்டாச்சாக்கா?"

"கேட்டாச்சு."

"என்னென்ன கேட்டிய?"

"ஒண்ணாவது, அந்த வேல கிடைக்கணும். ரெண்டாவது, அந்த வேல கிடைக்கணும். மூணாவது, நீயே சொல்லு."

அவள் வேனுக்குப் போய்ச் சாதத்தை எடுத்து வருகிறேன் என்று கூடத்தின் உடைந்த பக்கச் சுவர் இடைவெளி வழியாக வெறுங்காலோடு வெளியே நடந்தாள். நான் மட்டும் உள்ளே. தீர்த்தத் தொட்டி இருந்திருக்குமே, அது வாசல் பக்கம்தானே இருக்கும் என்று தேடினேன். எதுவும் இல்லை. திட்டைச் சுற்றி வந்தேன். படி என்றால் தேய்ந்திருக்க வேண்டும். இது தேயவில்லை. அதோடு படி ஏறினால் எங்கேயாவது போக வேண்டும். இது எங்கேயும் போகவில்லை. பின்னால் நேராகச் சுவர்தான். நாங்கள் உள்ளே வந்ததே அந்தச் சுவர் இடிந்திருந்த இடம் வழியாக.

ஃபோனில் படத்தைத் திறந்தேன். ஒரு நுனியில் மூன்று சின்ன அறை, நடுவே கூடம், மறு நுனியில் நீளமாக ஒரே அறை, அதில் ஒரு இடைவெளி. படத்தை விரலால் பெரிதாக்கினேன். மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு அம்புக்குறி இருந்தது. ஒரு வாரமாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், அம்புக்குறியை ஒரு நாளும் பார்க்கவில்லை. வடக்கு எது என்று அது சொன்னது. நான் ஃபோனைத் திருப்பி, நானும் திரும்பி, மறுபடியும் ஃபோனைத் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் ஒரே பதில். மூன்று அறைகளும் கிழக்கே. வாசல் மேற்கே.

மூன்று அறைகளில் ஓரத்து இரண்டும் சாமியார் உடுப்பு மாற்றுகிற, சாமான் வைக்கிற அறைகளாக இருக்கும். நடு அறை பீடம் இருந்த இடம். அந்தத் திட்டு, பீடத்தின் அடி. அதன் மேல் ஓரத்தில் இரண்டு ஜோடி செருப்பு. அக்காவுடையது ரப்பர், பச்சை வார்.

அக்கா பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூன்று வேண்டுதலையும் கதவைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

இரண்டு நிமிஷம் நான் சும்மா நின்றேன். வேனில் இருந்து அவள் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. கேட்டது கேட்டபடியே, சந்தோஷமாக ஊர் திரும்பலாம். அதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் இன்னொன்றும் இருந்தது. வேலை கிடைக்காவிட்டால் அக்கா ரூமிலேயே இருப்பாள். காலையில் சாயா போடும்போது எனக்கும் சேர்த்துப் போடுவாள். கட்டிலில் இருந்தபடியே, "பிள்ளே, இன்னைக்கு எந்தக் குழியத் தோண்டினாங்க?" என்று கேட்பாள். நான் உடனே சொல்லாமல் நின்றதற்குக் காரணம் அது. எனக்கே அது அசிங்கமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன், அடிக்கக் கூடாது."

சொன்னேன். அம்புக்குறியைக் காட்டினேன். திட்டைக் காட்டினேன். அவள் தூக்குச்சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அப்போ எனக்க செருப்பு எங்க கெடக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் ஓடினாள். நான்கு செருப்பையும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். திட்டின் ஓரத்தை ஷால் நுனியால் துடைத்தாள். ஆயிரம் வருஷத்து மண் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பாய் வேனுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு மேடம்களுக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மேக்கேன்னு சொன்னேன்," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"சொன்னிய."

"கப்பல் வருதாம், கடல் திறந்து கெடக்காம். எனக்கிட்ட பாடம் எடுத்தா."

"தப்புதான்க்கா."

"முதல் தடவ போச்சு. மூணும் போச்சு. இனி எங்க போய்க் கேக்க? இந்த நாட்டுல வேற கோயில் இருக்கா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. செருப்புகளை இன்னும் கீழே வைக்கவில்லை. பாய் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, "யல்லா மேடம், போட் டைம்," என்று கூப்பிட்டார்.

நான் அவரிடம் போய், தெரிந்த இந்தியில் கேட்டேன். இங்கே தோண்ட வருகிறவர்கள் எந்தப் பக்கமாக உள்ளே போவார்கள்? அவர் யோசிக்கவே இல்லை. கையை மேற்கே நீட்டினார். "சப் லோக் உதர் ஸே. தர்வாஜா உதர் ஹை." எல்லோரும் அந்தப் பக்கம்தான், கதவு அங்கேதான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் இந்தப் பக்கமாகப் போவதைப் பார்த்தேன், உங்கள் மதத்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்து அதை அக்காவிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கை ஷாலில் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் முகத்தில் அந்த மியூசியத்துப் பார்வை மறுபடியும் வந்தது, கணக்குக்கு விடை கிடைத்த பார்வை.

"பிள்ளே, ஒரு வீட்டுக்குப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சா, அந்த வீட்டுக்குப் போனேன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"என்ன சொல்லுவ?"

"திருட வந்தேன்னு சொல்லுவாங்க."

"அதான். அப்போ நான் இந்தக் கோயிலுக்கு இன்னும் போகல்ல."

இந்த வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதை ஏற்கெனவே ஒரு தடவை நம்பிப் பார்த்தாகிவிட்டது, அதனால் ஓட்டையைத் தேடவில்லை. பாயிடம் ஐந்து விரலைக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

சுவருக்கு வெளியே சுற்றிக்கொண்டு மேற்கே போனோம். வெறுங்கால்தான்; கையில் செருப்பு. முள் இருந்தது, அக்கா பார்க்கவில்லை. மேற்குச் சுவரில் அந்த இடைவெளி இருந்தது. மற்ற இடிந்த இடைவெளி மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் நேராக, கீழே ஒரு நீளக் கல். குனிந்து தொட்டுப் பார்த்தேன். நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஓரங்களில் தேயவில்லை. எத்தனை கால் என்று நினைத்ததும் எனக்கு ரோமம் எழும்பிவிட்டது. அவர்களும் செருப்பை வெளியே விட்டார்களா? என்ன செருப்பு? தோலா, பனை ஓலையா? ஃபைலகாவில் பனை ஏது, பேரீச்ச ஓலையாக இருக்கும்.

அக்கா செருப்பை வாசலுக்கு வெளியே ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். கல்லைத் தாண்டினாள். நீள அறை, பிறகு கூடம், அதன் கடைசியில் அந்தத் திட்டு. இப்போது எல்லாம் சரியான திசையில் இருந்தது. அவள் போய் முட்டுக்கால் போட்டாள். இந்தத் தடவை நான் ஃபோட்டோ எடுக்கவில்லை.

அவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "நீ கேட்டியா?"

"இல்லக்கா. நான் ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தேன்."

"அப்போ உனக்க மூணும் அப்படியே இருக்கு. கல்லுல நிக்காத, உள்ள வா."

உள்ளே போனேன். மூன்றையும் அக்காவுக்கே கேட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டை அவளுக்குக் கேட்டேன். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பதிலாக. மூன்றாவது, அவள் போன பிறகு அந்தக் கட்டிலுக்கு யார் வந்தாலும் குறட்டை விடாதவளாக வரட்டும் என்று.

போட்டைப் பிடித்துவிட்டோம். எலுமிச்சம்பழச் சாதத்தைப் போட்டில் தின்றோம், பாய்க்கும் ஒரு முட்டை கொடுத்திருந்தோம். அக்கா மேல்தட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். தீவு பின்னால் ஒரு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. "அவங்களுக்குக் கடல் எல்லாம் ஒரு கணக்கே இல்ல போல," என்றாள். நான் வாசித்ததைச் சொன்னேன். சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்துத்தான் அவர்கள் ஜெபம் சொல்வார்கள், அதனால் பீடம் கிழக்கே, அதனால் வாசல் மேற்கே. கடல் எங்கே இருந்தால் என்ன.

"இத நீ நேத்தே வாசிச்சிருந்தியா?"

"வாசிச்சிருந்தேன்."

"வாசிச்சும்?"

"வாசல்னு சொன்னதும் எங்க ஊர்க் கோயில்தான்க்கா மனசுல வந்துச்சு."

பஹ்ரைனில் இருந்து ஃபோன் பத்து நாளில் வந்தது. அக்கா இன்ஜெக்ஷன் ரூமில் இருந்தாள், நான் லேபில். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த முகத்தை வைத்தே தெரிந்துவிட்டது. மேற்கு வாசல் வழியாகப் போனதால்தான் கிடைத்தது என்று அக்கா சொல்கிறாள். அவள் வீட்டுக்காரரோ, முதலில் பின்பக்கம் கேட்டதும் சேர்ந்து ஆறாகத்தான் வேலை செய்தது என்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு கிளார்க் லீவு முடிந்து வந்து ஃபைலைத் திறந்திருப்பார் என்பது என் கட்சி. ஆனாலும் அதை அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் இரண்டு கேட்டிருக்கிறேனே.

இரண்டு மாதத்தில் அக்கா போய்விட்டாள். அந்தக் கட்டிலுக்குப் புதிதாக வந்த பிள்ளை நல்ல பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரி, பக்கத்து ஆபீஸில் வேலை. குறட்டை விடுகிறாள். "அது நான் இல்ல அக்கா, ஏசி," என்கிறாள்.

போன வாரம் அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டாள். முஹர்ரக் பக்கத்தில் ஒரு கிராமம், அங்கே பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் தோண்டி, சாமியார்மார் இருந்த கட்டடம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். நான்தான் முன்பு எப்போதோ சொல்லியிருந்தேன்; அவள் வீட்டில் இருந்து காரில் கொஞ்ச தூரம்தானாம். "எனக்க வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போறேன்னாரு. நான் அந்த ரோட்டுலகூடப் போகல்ல, கேட்டியா. நீ வந்த பொறவு சேந்து போவோம். உள்ள விடுவாங்களான்னு தெரியாது, கேட்டுப் பாப்போம். அந்த மெழுகுவர்த்தியும் இங்கதான் இருக்கு. வாசல் மேக்கே, நான் இப்பவே சொல்லிட்டேன்."

அடுத்த மாதம் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன். பஹ்ரைனுக்கு விசிட் விசா போட்டாயிற்று. அந்த இடத்தின் படம் ஒன்று கிடைத்தது, கிளினிக் பிரிண்டரில் பெரிதாக எடுத்து, அம்புக்குறியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். பெரிய அறை எது, சின்ன அறை எது என்று இன்னும் பிடிபடவில்லை. இது கோயிலா, சாமியார்மார் வெறுமனே சாப்பிட்டுத் தூங்கிய வீடா என்றுகூடத் தெரியவில்லை; வீடென்றால் மூன்று வேண்டுதல் செல்லாது என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. போய்ப் பார்க்க வேண்டும். கீழே கல் தேய்ந்திருக்கிற இடத்தை முதலில் கண்டுபிடிப்பது, அதன் பிறகு செருப்பைக் கழற்றுவது என்று இருக்கிறேன்.